அக்கா பொண்ணு படிக்கற யுனிவர்சிட்டிலயே எனக்கு மார்க் என்ட்ரி வேலை, டிக்ளரேஷன் ஃபார்ம்ல எழுதணுமா வேணாமா?

தேர்வுப்பிரிவு_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ நான், முதல் தடவையா கேக்கறேன், நீளமா போச்சுன்னா திட்டாதீங்க.

ஒரு யுனிவர்சிட்டி தேர்வுப் பிரிவுல அசிஸ்டென்ட்டா சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. சேர்ந்த அன்னிக்கே ஒரு கத்தை பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, பேங்க் ஃபார்ம், ஐடி கார்டு ஃபார்ம், அதுக்கு நடுவுல "பணியாளர் நடத்தை விதிகளைப் படித்து ஏற்றுக்கொண்டேன்"னு ஒண்ணு, சத்தியமா படிக்கல, அன்னிக்கு யாருக்கு அதெல்லாம் படிக்கத் தோணும். இப்போ வருஷாந்திர டிக்ளரேஷன்னு ஒரு ஃபார்ம் மெயில்ல வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாகணும். அதுல ஒரு கேள்வி, "உங்கள் பணிக் கடமையோடு முரண்படக்கூடிய தனிப்பட்ட, குடும்ப அல்லது பண நலன் ஏதேனும் உண்டா? இருந்தால் விவரம் தருக."

விஷயம் என்னன்னா என் கூடப்பொறந்த அக்கா பொண்ணு இங்கயே ரெண்டாம் வருஷம் படிக்கறா. அவ டிபார்ட்மென்ட் மார்க் என்ட்ரி எங்க சீட்டுக்குத்தான் வருது, நானும் இன்னொருத்தரும் ஆளுக்குப் பாதி போடறோம். விடைத்தாள்ல டம்மி நம்பர் மட்டும்தான் இருக்கும், யாரோடதுன்னு தெரியாது, ஆனா என்ட்ரி முடிஞ்சதும் சரிபார்க்கற ஸ்க்ரீன் ஒண்ணு இருக்கு, அதுல பேரு, ரெஜிஸ்டர் நம்பர், எல்லா பேப்பர் மார்க்கும் வந்துடும்.

பக்கத்து சீட் அண்ணன், பதினஞ்சு வருஷ சர்வீஸ், "எழுதாதம்மா, எழுதினா வேற செக்‌ஷனுக்குத் தூக்கிடுவாங்க, நீதான் தப்பு பண்ணலியே அப்புறம் என்ன"ங்கறார். சூப்பிரண்டு மேடத்துகிட்ட கேட்டா "உனக்கு என்ன தோணுதோ எழுது"ன்னு சொல்லிட்டு ஃபோனை எடுத்துட்டாங்க. வேற சீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்ல, இப்பத்தான் வேலையே பிடிபட ஆரம்பிச்சிருக்கு.

இதோட சேர்ந்த இன்னொரு கடுப்பு. போன வாரம் ஒரு சீனியர் புரொஃபசர் இன்டர்னல் மார்க்கை நாலு நாள் லேட்டா கொண்டாந்தார், சிஸ்டம் லாக் ஆயிடுச்சு சார், கண்ட்ரோலர் (தேர்வுப் பிரிவுத் தலைமை அதிகாரி) கையெழுத்து வேணும்னு சொன்னதுக்கு, கவுன்டர்ல அத்தனை ஸ்டூடன்ட்ஸ் நிக்கறப்போ "தகுதி இல்லாத கூட்டத்தையெல்லாம் உக்கார வெச்சா இப்படித்தான்"னு கத்திட்டு ஃபைலை டேபிள்ல விசிறிட்டுப் போனார். பேப்பரெல்லாம் தரைல. நான் குனிஞ்சு பொறுக்கினேன். ராத்திரி உக்காந்து அந்த நடத்தை விதியை முழுசா படிச்சேன், "சக பணியாளர்களை மரியாதையுடன் நடத்த வேண்டும்"னு ரெண்டாவது பக்கத்துலயே இருக்கு. அது எங்களுக்கு மட்டும்தானா?

---

சந்தேகப்_பேர்வழி:

சிஸ், உங்க பக்கத்து சீட் அண்ணன் சொல்றதுதான் கரெக்ட். எழுதாதீங்க.

நடத்தை விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னா நாளைக்கு உங்களை எப்பவாவது தூக்கணும்னா ஒரு ஷரத்து வேணும்ல, அதுக்கு. எங்க ஆபீஸ்லயும் வருஷா வருஷம் அதே ஃபார்ம் வரும், எல்லாரும் "இல்லை"ன்னு டிக் அடிச்சு அனுப்புவோம், ஒருத்தர் மட்டும் நேர்மையா சம்சாரம் வீட்டு ஆளுங்க ஸ்டேஷனரி சப்ளை பண்ற விஷயத்தை எழுதினார், ஆறு மாசம் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாங்க. எழுதாதவன் நிம்மதியா இருந்தான்.

புரொஃபசர் மேட்டர்ல ஒண்ணும் நடக்காது. அவரு பேர்ல ப்ராஜெக்ட் பணம் வருது, உங்க பேர்ல என்ன வருது.

---

ஓய்வுபெற்ற_ஃபைல்:

அம்மா, முப்பத்தோரு வருஷம் யுனிவர்சிட்டி நிர்வாகத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். மேல தம்பி சொன்னதுல பாதி உண்மைங்கறதை நானே ஒத்துக்கறேன், மீதிப் பாதிதான் ஆபத்து.

"முரண்படும் நலன்"ங்கற வார்த்தையைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க என்னமோ குற்றச்சாட்டு மாதிரி பயந்துடறாங்க. அது குற்றமே இல்ல. அக்காவுக்குப் பொண்ணு பொறந்ததும் அவ இங்க சேர்ந்ததும் உங்க தப்பா? நீங்க உக்காந்திருக்கற இடமும் உங்க சொந்தமும் ஒரே கோட்டுல வந்து நிக்குது, அவ்வளவுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். தப்பு எப்போ ஆரம்பிக்குதுன்னா, அது தெரிஞ்சும் மறைக்கறப்போ. நான் பார்த்த ஒழுங்கு நடவடிக்கை ஃபைல்கள்ல நிறைய பேர் மாட்டினது சொந்தக்காரங்க இருந்ததால இல்ல, "இல்லை"ன்னு கையெழுத்து போட்டதால. மார்க்குல ஒரு புள்ளி கூட மாறியிருக்காது, ஆனா அந்தக் கையெழுத்தே பொய்னு ஆயிடும், அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க.

இது எங்க ஊர் எங்க ஆபீஸ்னு இல்ல, யுனெஸ்கோ 1997ல உயர்கல்வி ஆசிரியர்களோட நிலை பத்தி ஒரு பரிந்துரை கொண்டுவந்துச்சு, அதுல உரிமைகளை வரிசையா சொல்லிட்டு அதே மூச்சுல கடமைகளும் சொல்லியிருக்கு, முரண்படும் நலனைத் தவிர்க்கணும், வந்துட்டா நிறுவனத்துகிட்ட வெளிப்படையா சொல்லி கலந்து பேசித் தீர்த்துக்கணும்னு. கவனிங்க, "வரவே கூடாது"ன்னு சொல்லல. வரும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க. பிரிட்டன்ல 1995ல நோலன் கமிட்டி பொதுப்பணில இருக்கறவங்களுக்கு ஏழு கொள்கை வெச்சதே, அங்க பல யுனிவர்சிட்டி நிர்வாக விதிகள் அதை மேற்கோள் காட்டும், அதுலயும் இதே கதைதான்.

நீங்க எழுதினா நடைமுறைல என்ன ஆகும்? சாதாரணமா அந்த ஒரு டிபார்ட்மென்ட் மட்டும், இல்லன்னா அந்த ஒரு பேட்ச் மட்டும், உங்க கூட இருக்கறவர் பக்கம் போகும், அதுக்குப் பதிலா வேற ஒண்ணு உங்க பக்கம் வரும். ஆர்டர் ரெண்டு வரி. சீட்டையே மாத்தறது அரிதுதான், ஆனா நடக்கவே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அது மேல இருக்கறவங்க புத்தியைப் பொறுத்தது. எழுதறப்போ நீங்களே ஒரு வழியும் சொல்லிடுங்க, "இந்த பேட்ச் என்ட்ரியையும் சரிபார்ப்பையும் வேறொருவருக்கு ஒதுக்கக் கோருகிறேன்"னு. அதிகாரிக்கு யோசிக்கற வேலை மிச்சம், பெரும்பாலும் அப்படியே கையெழுத்து போட்டுடுவார். இது அனுபவத்துல சொல்றேன்.

சூப்பிரண்டு மேடம் "தோணுதோ எழுது"ன்னது சரியில்ல. வாயால கேட்டா வாயால தட்டிக் கழிச்சுடலாம். மெயில்ல கேளுங்க.

கடைசியா ஒண்ணு, தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தச் சரிபார்க்கற ஸ்க்ரீன்ல என்னென்ன வரும்னு ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க. கேள்விக்கு அது தேவையே இல்ல. ஏதாவது விட்டுப்போச்சா?

---

வாத்தியாரம்மா:

நான் பாடம் எடுக்கற பக்கம். முதல்ல அந்தப் புரொஃபசர் சார்பா இல்ல, எங்க கூட்டத்துல ஒருத்தியா மன்னிப்பு கேட்டுக்கறேன். தரைல விழுந்த பேப்பரை நீங்க பொறுக்கினீங்கன்னு படிச்சப்போ சங்கடமா இருந்துச்சு.

எனக்கு இதே நடந்திருக்கு, என் தம்பி பையன் என் கிளாஸ்ல வந்து உக்காந்தான். நான் ஹெச்.ஓ.டிக்கு மெயில் போட்டேன், அவன் பேப்பரை மட்டும் வேற செக்‌ஷன் எடுக்கறவங்க திருத்தினாங்க, இன்டர்னல் மார்க்கும் அவங்கதான். அவனுக்கு என் மேல கோவம், அத்தை கிளாஸ்ல இருந்தும் ஒரு பிரயோஜனம் இல்லையேன்னு. அந்தக் கோவத்தைப் பார்த்த அப்புறம்தான் நான் சொன்னது சரின்னு எனக்கே உறைச்சுது, அப்போ அவன் எதையோ எதிர்பார்த்துட்டுத்தானே இருந்திருக்கான்!

சொந்தம்னா சின்ன விஷயம்னு நினைக்க வேணாம். தென் கொரியாவுல புரொஃபசர்கள் ஸ்கூல் படிக்கற சொந்தப் பசங்க பேரை ஆராய்ச்சிக் கட்டுரைல ஆசிரியராப் போட்டு, அதை வெச்சு நல்ல காலேஜ்ல சீட் வாங்கப் பார்த்தாங்கன்னு பெரிய பிரச்னை ஆகி, 2017க்கு அப்புறம் கல்வி அமைச்சகமே இறங்கி யுனிவர்சிட்டி யுனிவர்சிட்டியா விசாரிக்க வேண்டி வந்துச்சு. அதுல எத்தனை பேர் "நம்ம புள்ளைக்கு ஒரு சின்ன உதவி"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க.

எல்லாத்துக்கும் ஃபார்ம்ல எழுதினா போதும்னும் கிடையாது. மாணவரோட காதல், உறவுன்னு வர்ற விஷயத்துல முன்னாடி நிறைய இடத்துல "சொல்லிட்டு மேற்பார்வைலேர்ந்து விலகிக்கோ"ங்கற அளவுலதான் விதி இருந்துச்சு. இளங்கலை மாணவர்களோட ஆசிரியர்களுக்கு அப்படி உறவே கூடாதுன்னு யேல் 2010ல முழுசா தடை பண்ணுச்சு, ஹார்வர்டு 2015ல. ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னாலும் ஒருத்தர் கைல மார்க் இருக்கறப்போ அந்த சம்மதத்துக்கு என்ன மதிப்புங்கறதுதான் கேள்வி. உங்க கேஸ் அந்த வகை இல்ல, சொன்னா தீர்ற வகை. அதனால சொல்லிடுங்க.

கத்தறதைப் பத்தி. எங்க ஆளுங்க சிலர் "கல்விச் சுதந்திரம்"னு ஒரு குடை வெச்சிருக்காங்க, எது மேல விழுந்தாலும் அதை விரிச்சுடுவாங்க. என்ன ஆராய்ச்சி பண்றோம், கிளாஸ்ல பாடத்தை எப்படிச் சொல்றோம், நிர்வாகத்தை விமர்சிக்கறோம், இதுக்கெல்லாம் அது காப்பு, காப்பா இருக்கவும் வேணும், அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கவுன்டர்ல இருக்கறவங்க மேல ஃபைலை விசிற அது லைசென்ஸ் இல்ல. நாலு நாள் லேட்டா மார்க் குடுத்தது அவரு தப்பு, அந்த விதியை மீறினது அவரு, திட்டு வாங்கினது நீங்க.

---

தேர்வுப்பிரிவு_புதுசு:

எல்லாருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற_ஃபைல் சார், உங்க கடைசிப் பாராவைப் படிச்சுட்டு ரெண்டு மணி நேரம் ஃபோனைக் கீழ வெச்சுட்டேன்.

பார்த்தேன். ஒரு தடவை. ரிசல்ட் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி. அக்கா விடாம ஃபோன், "ஒரு பேப்பர் போயிடும்னு அழறா, சாப்பிட மாட்டேங்கறா, நீ அங்கதானே இருக்க, பாஸா ஃபெயிலான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு". நான் முடியாதுன்னுதான் சொன்னேன். ஆனா மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பினப்புறம் அவ நம்பரைப் போட்டுப் பார்த்துட்டேன், அந்த பேட்ச் சரிபார்ப்பு அன்னிக்கு என் வேலையே இல்ல. பாஸ்தான். அக்காகிட்ட சொல்லல. எதையும் மாத்தல, மாத்தவும் முடியாது, அதுக்கு வேற லாகின் வேணும். சொல்லாததால தப்பு இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே இருந்தேன், அதனாலதான் இங்கயும் எழுதல.

இப்போ டிக்ளரேஷன்ல எழுதினா அது தோண்டப் போய் இது வந்துடுமோன்னுதான் பயம். உண்மையான கேள்வி அதுதான். மன்னிச்சுடுங்க.

---

சர்வர்_ரூம்:

யுனிவர்சிட்டி ஐடி பிரிவுல இருக்கேன், உங்க இடம் இல்ல கவலைப்படாதீங்க.

லாக், அதாவது யார் என்ன பண்ணாங்கன்னு சிஸ்டம் தானா எழுதி வைக்கற பதிவு, அதைப் பத்தி மட்டும் சொல்றேன். இந்த மாதிரி சிஸ்டம்ல பொதுவா யார் லாகின், எந்த கம்ப்யூட்டர், எத்தனை மணி, எந்த ரெக்கார்டைத் திறந்தாங்க எல்லாம் பதிவாகற மாதிரி வெச்சிருப்பாங்க, மாத்தினா மட்டும் இல்ல, சும்மா பார்த்தாலும். நாங்க தினமும் உக்காந்து அதைப் பார்க்கறது கிடையாது, அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு. ஆனா எவனாவது ஒருத்தன் "இந்தப் பொண்ணோட சித்தி அங்க இருக்காங்க, மார்க்கை ஏத்திட்டாங்க"ன்னு ஒரு மொட்டைக் கடிதாசு போட்டா, முதல் வேலையே அந்த ரெக்கார்டை யார் யார் திறந்தாங்கன்னு எடுக்கறதுதான். அப்போ சாயங்காலம், வேலை நேரம் முடிஞ்சு, அவங்க வேலை இல்லாத பேட்ச், அந்த ஒரே ஒரு நம்பர், ரிசல்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி. பேப்பர்ல பார்க்க எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. நீங்க எதையும் மாத்தலங்கறது லாக்லயே இருக்கும், அது நல்லது. ஆனா ஏன் பார்த்தீங்கங்கறது லாக்ல இருக்காது.

தயவு செஞ்சு என்ன மாதிரி ஆளுகிட்ட போய் "அந்த என்ட்ரியைக் கொஞ்சம் அழிச்சுடு"ன்னு கேட்டுடாதீங்க. எங்கிட்ட ஒருத்தர் கேட்டிருக்கார். பார்த்தது சின்ன விஷயம், அழிக்கக் கேட்டது அவரு வேலைக்கே உலை வெச்சுது.

இன்னொண்ணு, "பார்த்தேன் ஆனா சொல்லல"ங்கறதை நீங்க நினைக்கற அளவுக்கு யாரும் பெரிய சமாதானமா எடுத்துக்க மாட்டாங்க. அமெரிக்காவுல 1974லேர்ந்து இருக்கற ஃபெர்பா சட்டத்துல என்னன்னா, யுனிவர்சிட்டில வேலை பாக்கறதாலேயே எல்லா மாணவர் ரெக்கார்டையும் பார்க்கற உரிமை வந்துடாது, அந்த வேலைக்குத் தேவைன்னாதான் பார்க்கலாம். காலேஜ் சேர்ந்துட்டா அந்த உரிமை மாணவருக்கே போயிடுது, பெத்தவங்களுக்குத் தானா கிடைக்கறது கூட இல்ல. ஐரோப்பாவுல 2018லேர்ந்து நடைமுறைல இருக்கற ஜிடிபிஆர்ங்கற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துலயும் எதுக்காகச் சேர்த்த தகவலோ அதுக்குத்தான் பயன்படுத்தணும்னு இருக்கு. உங்க இடத்துல எந்தச் சட்டமோ, தத்துவம் இதேதான், பார்க்கறதே ஒரு செயல். சாவி கைல இருக்குன்னு பக்கத்து வீட்டைத் திறந்து பார்த்துட்டு ஒண்ணும் எடுக்கலன்னு சொல்ற மாதிரி.

---

சந்தேகப்_பேர்வழி:

ஆக என்ன, தானே போய் கழுத்தை நீட்டணுமா? யாரும் கேக்கல, யாருக்கும் தெரியல, ஒரு நஷ்டமும் இல்ல. எட்டு மாச சர்வீஸ்னா ப்ரொபேஷன்ல இருப்பாங்க. ப்ரொபேஷன்ல இருக்கறவங்களை அனுப்ப ஒரு லெட்டர் போதும். நேர்மைன்னு பேசற யாரும் அவங்க வீட்டு வாடகை கட்டப் போறதில்ல.

எனக்கு இந்த விதிங்க மேல இருக்கற கோவமே இதுதான். இவங்க ஒரு தடவை எட்டிப் பார்த்ததுக்கு இத்தனை பேர் சட்டம் பேசறோம், அந்த ஆள் ஃபைலை விசிறினதுக்கு "மன்னிப்பு கேட்டுக்கறேன்"னு ஒரு வரி.

---

ஓய்வுபெற்ற_ஃபைல்:

தம்பி கேக்கறது நியாயமான கேள்வி, அதைச் சிரிச்சு ஒதுக்க மாட்டேன்.

ப்ரொபேஷன்ல இருக்கறது நிஜமாவே பலவீனமான நிலை. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னா அது பொய். எச்சரிக்கை மெமோ வரலாம், ப்ரொபேஷன் நீட்டிக்கலாம், சூழ்நிலை ரொம்ப மோசமா இருக்கற இடத்துல அதுக்கு மேலயும் போகலாம். ஆனா இன்னொரு பக்கத்தையும் பாருங்க. இப்போ அந்த அம்மா முன்னாடி ஃபார்ம் இருக்கு. அதுல உறவை எழுதாம விட்டா ஒரு தப்பு ரெண்டாகுது, ரெண்டாவது எழுத்துல, கையெழுத்தோட. உறவை மட்டும் எழுதி பார்த்ததை விட்டா பாதிக் கிணறு. தானே வந்து சொன்ன ஃபைலும் புகார் வந்து மாட்டின ஃபைலும் என் மேஜைக்கு வந்திருக்கு, ஒரே தப்புதான், ஆனா குறிப்பு எழுதறப்போ பேனா வேற மாதிரிதான் ஓடும். முதல் வகைல "பணியாளர் தாமாக முன்வந்து தெரிவித்துள்ளார்"னு ஆரம்பிக்கும், அந்த ஒரு வரி மேல போற எல்லா மேஜையிலும் வேலை செய்யும்.

அம்மா, எப்படி எழுதணும்னா, அழுகாச்சி வேணாம், அக்கா நச்சரிச்சாங்கன்னு அவங்க மேல தூக்கிப் போடறதும் வேணாம். என்ன தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, எந்த ரெக்கார்டு, அது அன்னைக்கு உங்க பணில இல்ல, எதையும் மாத்தல, யாருக்கும் சொல்லல, இனி அந்த பேட்ச் உங்ககிட்ட வராம ஒதுக்கக் கோரிக்கை. அரைப் பக்கம். அதை டிக்ளரேஷனோட இணைப்பா வெச்சு குடுங்க, ஒரு நகல்ல பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்க. குடுக்கறதுக்கு முன்னாடி பணியாளர் சங்கத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க, விசாரணைன்னு கூப்பிட்டா ஒரு ஆள் கூட வரலாமான்னு உங்க விதில இருக்கும், அதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்க. அமெரிக்காவுல யூனியன்ல இருக்கறவங்களுக்கு, தண்டனைல முடியும்னு தோணற விசாரணைல பிரதிநிதியைக் கூட வெச்சுக்கக் கேக்கற உரிமை 1975ல வைன்கார்ட்டன் தீர்ப்புல கிடைச்சுது, மத்த இடத்துல அவங்கவங்க விதிதான்.

முடிவு உங்களோடது. வாடகை கட்டப் போறது நீங்கதான், அதுல தம்பி சொன்னது சரி.

---

வாத்தியாரம்மா:

"ஒரு வரி"ன்னு குத்தினது எனக்குத்தான், வாங்கிக்கறேன். சரி, கொஞ்சம் விரிவா.

புகார் குடுக்கலாமான்னா, குடுக்கலாம். "ஒரே ஒரு தடவைதானே கத்தினார், தொடர்ந்து பண்ணினாத்தானே துன்புறுத்தல்"னு சொல்லுவாங்க. ஐஎல்ஓ, அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, 2019ல கொண்டுவந்த 190ஆவது உடன்படிக்கை வேலையிட வன்முறை, துன்புறுத்தலைப் பத்தினது, அதுல ஒரு தடவை நடந்தாலும் சரி திரும்பத் திரும்ப நடந்தாலும் சரின்னு தெளிவா இருக்கு, பயிற்சில இருக்கறவங்களும் அந்தப் பாதுகாப்புக்குள்ள வர்றாங்க, வேலை சம்பந்தமா மெயில், மெசேஜ்ல நடக்கறதும் வருது. உங்க நாடு அதுல கையெழுத்து போட்டிருக்கா இல்லையாங்கறது வேற, யுனிவர்சிட்டி விதில "மரியாதை"ன்னு இருக்கே அதுவே போதும் ஆரம்பிக்க.

அதே சமயம் எல்லாத்தையும் அந்தப் பெட்டில போடவும் கூடாது. உங்க சூப்பிரண்டு "இந்த என்ட்ரில மூணு தப்பு இருக்கு, இன்னிக்கே சரி பண்ணு"ன்னு கறாரா சொன்னா அது வேலை வாங்கறது. அதையே நாலு பேர் முன்னாடி "உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா"ன்னு சொன்னா அது வேற. வேலையைப் பத்திப் பேசறாங்களா ஆளைப் பத்திப் பேசறாங்களான்னு பார்த்தா பெரும்பாலும் பிடிபட்டுடும், எப்பவும் இல்ல. "தகுதி இல்லாத கூட்டம்"ங்கறது எந்த வேலையைப் பத்தின பேச்சு?

அன்னிக்கு நடந்ததை இன்னிக்கே எழுதி வைங்க, தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யாரு இருந்தாங்க. கவுன்டர்ல கேமரா இருந்தா அந்தப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி உடனே மெயில் போடுங்க, அதெல்லாம் கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சுடும். வாட்ஸப் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க, மார்க் லேட்டா குடுத்த ஸ்க்ரீன்ஷாட்டோட சேர்த்துப் போட்டு தன் கேஸைத் தானே கெடுத்துக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

---

சர்வர்_ரூம்:

கேமரா விஷயம் சரி, சீக்கிரம் கேளுங்க. பழசு மேலயே புதுசு பதிவாகிட்டே போகும், சில இடத்துல ரெண்டு வாரம் கூட தாங்காது.

ஆனா ஒரு சந்தேகம், ரெண்டையும் ஒரே நேரத்துல குடுக்கலாமா? தன்னோட தப்பை மறைக்க புரொஃபசர் மேல பாயறாங்கன்னு பேசுவாங்களே.

---

ஓய்வுபெற்ற_ஃபைல்:

நல்ல கேள்வி. ரெண்டும் ரெண்டு தனித் தாள், ஒண்ணுல இன்னொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. முதல்ல தன்னோடது. அது உள்ள போன அப்புறம் மத்தது. முறை மாறினா நீங்க சொல்றதுதான் நடக்கும்.

---

தேர்வுப்பிரிவு_புதுசு:

அப்டேட். பத்து நாள் ஆச்சு, கேட்டவங்களுக்காக எழுதறேன்.

வியாழக்கிழமை குடுத்தேன். சங்கத்துல ஒரு அக்கா படிச்சுட்டு ரெண்டு வரியை வெட்டினாங்க, நான் நிறைய மன்னிப்பு கேட்டிருந்தேன். சூப்பிரண்டு மேடம் வாசிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "இதை எதுக்கு எழுதின"ன்னாங்க, அப்புறம் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. கண்ட்ரோலர் கூப்பிட்டார். லாகை எடுத்து வெச்சிருந்தார், நான் எழுதின நேரத்துக்கும் அதுக்கும் ஆறு நிமிஷம்தான் வித்தியாசம். அதைப் பார்த்துட்டு அவர் குரலே இறங்கிடுச்சு. எழுத்துல எச்சரிக்கை மெமோ, அந்த பேட்ச் முழுசா என் கூட இருக்கறவருக்கு, என் லாகின்ல அந்த டிபார்ட்மென்ட் தெரியாத மாதிரி பண்ணிட்டாங்க. சீட் மாறல. ப்ரொபேஷன் முடியறப்போ இந்த மெமோ என்ன பண்ணும்னு தெரியல, அந்த பயம் இருக்கு.

பக்கத்து சீட் அண்ணன் ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. மூணாவது நாள் "ஃபார்ம்ல என் மச்சான் பையனைப் பத்தி எழுத இன்னும் டைம் இருக்காம்மா"ன்னு கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அக்கா கோவமா இருக்கா. மெமோ வாங்கினேன்னு சொன்னா "நீ என்கிட்ட சொல்லவே இல்லையே, அப்புறம் எதுக்கு மெமோ"ங்கறா. அவ பொண்ணு மட்டும் "சாரி சித்தி"ன்னு மெசேஜ் போட்டா.

புரொஃபசர் புகார் திங்கக்கிழமை குடுத்தேன், தனித் தாள். கேமரா பதிவை எடுத்து வெச்சாச்சுன்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல இன்னும் ஒண்ணும் இல்ல.

---

சந்தேகப்_பேர்வழி:

இன்னும் ஒண்ணும் இல்லங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, நான் சொன்னேன்ல. உங்க மெமோ நாலு நாள்ல வந்துச்சு, அவரு விசாரணைக்கு எத்தனை நாள்னு நானும் எண்ணிக்கிட்டே இருக்கேன். முப்பது நாள் ஆனா பதில் கேட்டு ஒரு நினைவூட்டு போடுங்க, டிராஃப்ட் இங்கயே போடுங்க, நான் பார்த்துத் தரேன்.